சம்மதம் யாரிடம் கேட்கப்படுகிறது

நிலத் தகராறும் ஜீவனாம்ச வழக்குகளுமாகவே நாள் போகும் எங்கள் நாகர்கோவில் அலுவலகத்துக்கு, தன் அந்தரங்கக் காணொளியை யாரோ ஆபாசத் தளமொன்றில் ஏற்றிவிட்டதாகச் சொல்லி ஒரு பெண் தாயுடன் வந்தபோது, நான் இளநிலை வழக்கறிஞராகச் சேர்ந்து இரண்டாண்டுகூட ஆகியிருக்கவில்லை. அவரை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கே எழுதப்போவதில்லை. ஊரில் யாரெல்லாம் பார்த்திருப்பார்கள் என்று தாய் கேட்டுக்கொண்டே இருந்தார். மகள் கேட்டது, எப்போது எடுப்பார்கள் என்பதை மட்டும்தான்.

ஏட்டில் பதில் இருந்தது. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் அப்போது இருந்தபடி, பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் தளம் அதை நீக்கியாக வேண்டியிருந்தது. பாலியல் செயலைக் காட்டும் காணொளியை வெளியிடுபவருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவு முதல் முறையிலேயே 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆனால் ஒரு முகவரியில் நீக்கப்பட்டது வேறு தலைப்பில், வேறு தளத்தில் மீண்டும் ஏறிக்கொண்டே இருந்தது. அந்த முகவரிகளைத் தேடித் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒவ்வொன்றையும் திறந்து, அது தானேதான் என்று உறுதிசெய்ய அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. ஒரு தளம் நீக்குவதற்கு முன் அவருடைய அடையாள அட்டையைக் கேட்டது.

“ஏத்தினவன்கிட்ட என் சம்மதத்த யாரும் கேக்கலியே அக்கா, எடுக்கச் சொன்னா மட்டும் என்கிட்ட அட்டை கேக்காவளே” என்றார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

பயனர் ஏற்றும் ஒவ்வொன்றுக்கும் தளத்தையே குற்றவாளியாக்கினால் சாதாரணக் கருத்துப் பரிமாற்றமும் நசுங்கும் என்பதால்தான் அதே சட்டத்தின் 79ஆம் பிரிவு, ‘இடைத்தரகர்கள்’ என்று அது குறிப்பிடும் இத்தகைய தளங்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பிறருடைய உடலைக் காட்டியே விளம்பர வருவாய் ஈட்டும் தளம், உறையைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுக்கும் தபால்காரரைப் போன்றதல்ல. 2020 டிசம்பரில் போர்ன்ஹப் என்ற ஆபாசத் தளத்தைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் கட்டுரை ஒன்று வெளிவந்து, விசாவும் மாஸ்டர்கார்டும் பணப் பரிவர்த்தனையை நிறுத்தியதும், அடையாளம் சரிபார்க்கப்படாதவர்கள் ஏற்றிய பல லட்சம் காணொளிகளை அந்தத் தளம் சில நாட்களிலேயே அகற்றியது. சில நாட்களில் முடிந்த காரியத்துக்கு அத்தனை ஆண்டுகள் காக்க வைக்கப்பட்டவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் மனுவை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம், அவருடைய படங்களை 48 மணி நேரத்துக்குள் முடக்குமாறு மத்திய மின்னணு அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. ஆறுதலான உத்தரவுதான். ஆனால் வெளியே தெரிந்துவிடுமோ என்று பக்கத்துக் காவல் நிலையத்துக்கே போக அஞ்சுகிறவர், மதுரைக் கிளைவரை போய் மனுப்போடத் துணிவது எளிதல்ல.

இப்போது இத்தகைய வழக்குகளில், முகத்தையும் குரலையும் முதல் நாளே ஒருமுறை குறித்துக்கொண்டு, தேடுவதை நான் மட்டுமே செய்கிறேன். கட்சிக்காரரைத் திரைமுன் உட்கார வைப்பதில்லை. அந்தப் பெண்ணின் கோப்பு இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. திங்கள்கிழமைதோறும் நீதிமன்றத்துக்குப் புறப்படும் முன் ஒருமுறை தேடிப் பார்க்கிறேன். போன வாரமும் ஒரு புதிய முகவரி கிடைத்தது.