யுரேனியத்துக்குள் ஒரு பேரேடு: குறுக்கெழுத்து கட்டும் வேலை இதுவரை

கதிரியக்க உலோகங்களை முக்கிய விடைகளாக வைத்து ஒரு சின்னக் குறுக்கெழுத்து கட்டிக்கொண்டிருக்கிறேன். தனிமங்களின் பட்டியலைப் பார்த்தால் சுலபம் என்றுதான் தோன்றும். கட்டத்தில் போட்டால்தான் சங்கதி தெரியும்: எல்லாம் ‘யம்’ என்று முடிகின்றன. புள்ளி எழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது என்பதால், ‘ம்’ விழும் கட்டத்திலிருந்து கீழே எதையும் இறக்க முடியாது. வேறு சொல்லின் நடுவையோ முடிவையோ அங்கே ஒட்டலாம். ஒட்டி என்ன பயன்? அந்த ‘ம்’தான் எல்லாருக்கும் தெரியுமே!

‘கதிரியக்க உலோகம் (4)’ என்றால் தோரியமா, ரேடியமா? ஐந்தெழுத்து என்றால் யுரேனியமும் பொலோனியமும் கடைசி மூன்று கட்டங்களில் அச்சு அசல் ஒன்று. ஆக, குறுக்கே போகும் சொல் முதல் இரண்டு எழுத்துக்குள் வெட்டியாக வேண்டும்.

பொலோனியத்தின் ‘லோ’வில் உலோகம் கச்சிதமாக இறங்கியது. யுரேனியத்தின் ‘ரே’தான் படுத்தியது. ‘ஒரே’ தவிர எதுவும் நினைவுக்கு வரவில்லை. ரொம்ப நேரம் கழித்துப் பேரேடு வந்தது. ‘யு’விலிருந்து யுத்தத்தையும் இறக்க ஆசைதான். ஆனால் ‘த்’துக்குப் பக்கத்தில் ‘டு’ வந்து உட்கார்ந்துவிடும். சரி, யுத்தம் வேண்டாம்.

அப்புறம் குறிப்புகள். தோரியத்துக்கு இது: ‘தோழன் தலைகாட்டியதும் தலை இழந்த வீரியம், கதிர்வீசும் உலோகமாம் (4)’. தோழனின் முதலெழுத்தோடு ‘ரியம்’ சேர்ந்துகொள்கிறது. ரேடியத்துக்கு: ‘ரேடியோவின் கடையை மூடி, நியாயத்தின் பின்பாதியைச் சேர்த்தால் இருட்டில் மணி பார்க்க உதவிய உலோகம் (4)’. ‘ஒளிரும் உலோகம்’ என்று வேண்டுமென்றே எழுதவில்லை. பழைய கடிகார முகப்பில் ஒளிர்ந்தது துத்தநாக சல்ஃபைடு. ரேடியத்தின் கதிர் அதைத் தூண்டியது, அவ்வளவுதான்.

பொலோனியத்துக்கு எழுத்து விளையாட்டே தேவைப்படவில்லை: ‘பெயர் வைத்த நாளில் வரைபடத்தில் இல்லாத நாட்டின் பெயரைச் சூடிய உலோகம் (5)’. 1898இல் கியூரி தம்பதி அந்தப் பெயரை வைத்தபோது, மேரி பிறந்த போலந்தை ரஷ்யா, ஜெர்மனி, ஆஸ்திரியா மூன்றும் பங்குபோட்டு வைத்திருந்தன. இருப்பதிலேயே எனக்குப் பிடித்த குறிப்பு இதுதான்.

நெப்டியூனியத்தைக் கழற்றிவிட்டேன். சிலர் நெப்டூனியம் என்று எழுதுகிறார்கள். ஒரு கட்டம் குறைந்துவிடும். இடது ஓரத்தில் இன்னும் ஓர் ஆறெழுத்து வேண்டும். டெக்னீசியம், பிரான்சியம், அமெரிசியம் மூன்றும் ‘சியம்’ என்றே முடிகின்றன. அமெரிசியம்தான் என் தேர்வு. புகை உணர்விகளில் இருப்பதால் குறிப்பு எழுத இடமுண்டு. ‘அ’விலிருந்து அணுவுலையையும் இறக்கிவிடலாம்.