டிபிஏ பிராக்டிகல்: யு1-இல் நான் விட்ட கோட்டை

நேற்று ரிசல்ட். பாஸ்தான், ஆனால் பயோகெமிஸ்ட்ரி பிராக்டிகலில் 61. மற்றதெல்லாம் எண்பதுக்கு மேல். போன மதிப்பெண்ணுக்குக் காரணம் ஒரு ட்யூபில் விட மறந்த 0.8 மில்லி தண்ணீர்.

சீட்டு எடுத்ததும் டைஃபினைலமைன் (டிபிஏ) முறையில் டிஎன்ஏ அளவிடுதல் என்று வந்தது. ரெக்கார்டில் மூன்று முறை செய்தது என்பதால் கொஞ்சம் மிதப்பு. எஸ்1 முதல் எஸ்5 வரை 0.2, 0.4 மில்லி என்று ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த டிஎன்ஏ கரைசல்) விட்டு எல்லாவற்றையும் தண்ணீரால் 1 மில்லிக்கு மேக்கப் செய்தேன். அளவு தெரியாத கரைசல் (அன்னோன்) யு1-இல் 0.2, யு2-இல் 0.4 மில்லி. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர் பைப்பட் கேட்டார். கொடுத்துவிட்டுத் திரும்பியவன் யு2-க்கு மட்டும் தண்ணீர் விட்டு, எல்லாவற்றிலும் 2 மில்லி டிபிஏ ஊற்றி, கொதிக்கும் வாட்டர் பாத்தில் வைத்துவிட்டேன்.

பத்து நிமிடத்தில் நீலம் அழகாக வந்தது. 595 நானோமீட்டரில் நிறத்தின் அடர்த்தி பார்த்தால் யு1 0.11, யு2 0.16. யு2 இரண்டு மடங்கு எடுத்தது, ஒன்றரை மடங்குகூடக் காட்டவில்லை. 3 மில்லியில் பரவ வேண்டிய நிறம் 2.2 மில்லியில் அடர்த்தியாக நின்றிருக்கிறது. அப்போதே யு1-ஐத் திரும்பப் போட்டிருக்கலாம், அரை மணி நேரம் இருந்தது. நான் இரண்டுக்கும் சராசரி எடுத்து எழுதினேன். அதுதான் பெரிய தப்பு.

ஆகவே மற்ற எதை மறந்தாலும் யு2 ÷ யு1 = 2 வருகிறதா என்று பாருங்கள். ஹீட் செய்யும் முன் ஸ்டாண்டில் எல்லா ட்யூபிலும் மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

மற்றவை:
- ஆறிய பிறகே ரீடிங்.
- பிளாங்கும் (டிஎன்ஏ இல்லாத ட்யூப்) வாட்டர் பாத்துக்குப் போக வேண்டும்.
- டிபிஏவில் அடர் கந்தக அமிலமும் கிளேஷியல் அஸிட்டிக்கும் இருக்கிறது. வாயால் உறிஞ்சும் வீரம் வேண்டாம்.
- கடைசியில் விடையை 100 மில்லி கரைசலுக்குப் பெருக்க மறக்காதீர்கள்.

வைவா: டிஎன்ஏவில் உள்ள டிஆக்ஸிரைபோஸ் எல்லாமே நிறம் தருமா? தராது, பியூரினோடு சேர்ந்தவை மட்டும். ஆர்என்ஏவுக்கு? ஆர்சினால், பச்சை நிறம். பர்ட்டன் 1956-இல் இந்த டிபிஏ முறையில் என்ன மாற்றினார்? அசிட்டால்டிஹைடு சேர்த்தார், கொதிக்க வைக்காமல் 30 டிகிரியில் ராத்திரி முழுக்க விட்டார். இதெல்லாம் சொன்னேன். அப்புறம் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) என் யு1 ட்யூபைத் தூக்கிப் பார்த்து, "இது மட்டும் ஏன் குறைவா இருக்கு?" என்றார்.


ஆவியாகிவிட்டது சார் என்று சொன்னேன். தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள்.