ரெபெக்கா நர்ஸின் பிறந்த வீட்டைத் தேடி மூன்று வாரம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலத்தில் நடந்த சூனிய வழக்கில் 1692 ஜூலை 19 அன்று தூக்கிலிடப்பட்ட ரெபெக்கா நர்ஸைப் பற்றிப் படித்ததிலிருந்து அந்த அம்மா மனதை விட்டுப் போகவில்லை. 71 வயது, காது சரியாகக் கேட்காது, ஜூரிகள் முதலில் குற்றமில்லை என்று சொல்லிவிட்டு அப்புறம் மாற்றிக்கொண்டார்கள். நர்ஸ் என்பது கணவர் பிரான்சிஸ் வழியில் வந்த பெயர். சரி, பிறந்த வீடு எது என்று தேட ஆரம்பித்தேன், மூன்று வாரம் ஆகிறது.

பெற்றோர் பெயர் சுலபமாகக் கிடைத்தது. அப்பா வில்லியம் டவுன், அம்மா ஜோவான்னா பிளெஸ்ஸிங், ஊர் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள கிரேட் யார்மவுத். அங்கே புனித நிக்கோலஸ் ஆலயத்தில் 1620 ஏப்ரல் 25 அன்று திருமணம். ரெபெக்காவின் ஞானஸ்நானம் என்று நான் குறித்துவைத்திருந்ததோ அதே 1620, பிப்ரவரி 21! கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே குழந்தையா, இல்லை வேறு ஏதோ டவுன் குடும்பத்துப் பெண்ணா என்று நான்கு நாள் குழம்பிக் கிடந்தேன்.

விடை காலண்டரில் இருந்தது. அன்றைய இங்கிலாந்தில் ஆண்டு பிறப்பது மார்ச் 25. ஜனவரி 1-க்கு மாறியது 1752-இல்தான். நமக்குப் பங்குனி முடிந்து சித்திரை பிறந்தால் ஆண்டு மாறுவது போலத்தான், 1620 ஏப்ரலுக்குப் பிறகு வருவதுதான் 1620 பிப்ரவரி, நம் கணக்கில் 1621. கல்யாணமாகிப் பத்தாம் மாதம் தலைப்பிள்ளை, எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது.

அப்புறம் குறித்துவைத்த தேதிகளை எல்லாம் மறுபடி பார்த்தேன். ரெபெக்காவை முதலில் விசாரித்தது மார்ச் 24. பழைய கணக்கில் அது 1691-இன் கடைசி நாள். அதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை.

தங்கை மேரிக்கும் யார்மவுத்தில்தான் ஞானஸ்நானம், 1634 ஆகஸ்டில். ஆகவே குடும்பம் அதற்குப் பிறகுதான் கப்பல் ஏறியிருக்க வேண்டும். மேரியையும் 1692 செப்டம்பர் 22 அன்று தூக்கிலிட்டார்கள். இன்னொரு தங்கை சாரா மட்டும் சிறையிலிருந்து உயிரோடு திரும்பினார்.

பதிவேட்டில் காட்ட முடியாத பெயர் எதையும் வம்சாவளியில் ஏற்றுவதில்லை என்று வைத்திருக்கிறேன், அதனால் ஜோவான்னாவுக்கு மேலே இரண்டு கட்டம் இன்னும் காலி. அடுத்த வாரம் பக்கத்து மாவட்டமான சஃபோக்கின் ஆலயப் பதிவேடுகளில் பிளெஸ்ஸிங் குடும்பத்தைத் தேடப்போகிறேன்.