அந்தி சாய்ந்தபின் ஊற்றுக்குள் இறங்குவது

புளோரிடாவின் மாநிலப் பூங்காக்கள் ஆண்டின் 365 நாளும் திறந்திருக்கும். காலை 8 மணிக்குத் திறந்து, சூரியன் மறையும்போது மூடிவிடும். இரவில் நன்னீர் ஊற்றில் முக்குளிக்க ஆசைப்படும் எவரும் முதலில் முட்டிக்கொள்வது இந்த ஒற்றை வரியில்தான். நானும் முட்டிக்கொண்டவன். கடலில் இரவு முக்குளிப்புப் பயிற்சியை முடித்து, அதற்கான அட்டையையும் கையில் வைத்திருந்த எனக்கு, அலையே இல்லாத, கோடையிலும் குளிரிலும் ஏறத்தாழ 22 டிகிரி செல்சியஸிலேயே நிற்கிற, அடிமணல்வரை தெளிந்து தெரிகிற ஊற்றில் இறங்க என்ன தடை என்பது புரியவில்லை. காவலர்கள் வீட்டுக்குப் போக வேண்டும், அதனால் பூட்டுகிறார்கள் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். அந்தக் காரணமும் உண்மையே. ஆனால் அது பாதிக் காரணம்.

எந்த ஊற்று யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் மாறும். ட்ராய் ஸ்பிரிங் மாநிலப் பூங்காவில் ஏறத்தாழ 70 அடி ஆழமுள்ள ஊற்றிலும், 1863இல் உள்நாட்டுப் போரின்போது வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்ட மேடிசன் என்னும் நீராவிப் படகின் எச்சம் கிடக்கும் கால்வாயிலும் பகலில் முக்குளிக்கலாம்; இரவில் முடியாது. வக்குல்லா ஊற்றில் பொதுமக்களுக்குப் பகலிலும் ஸ்கூபா, அதாவது சிலிண்டர் கட்டிய முக்குளிப்புக்கு, அனுமதி இல்லை; அனுமதி பெற்ற ஆய்வுக் குழுக்கள் மட்டுமே அங்கே இறங்கியிருக்கின்றன. ஆரஞ்சு சிட்டியை அடுத்த புளூ ஸ்பிரிங்கில் குளிர்காலத்தில் நீந்தவோ முக்குளிக்கவோ விடமாட்டார்கள். ஆற்றுநீர் குளிர்ந்துவிடும் அந்த மாதங்களில் மானட்டீ என்னும் கடற்பசுக்கள் ஊற்றின் வெதுவெதுப்பை நம்பியே உயிர்வாழ்கின்றன. தனியார் ஊற்றுகளில் உரிமையாளர் வைத்ததுதான் சட்டம். அவர்களுள் சிலர் இரவு முக்குளிப்பை அனுமதிக்கிறார்கள். எந்த நாட்களில், எத்தனை மணி வரை, என்ன கட்டணம் என்பவற்றை அவர்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளவும் செய்கிறார்கள். ஆகவே பழைய தகவலை நம்பி சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பாமல், அன்றைய நிலவரத்தைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவதே நல்லது.

மீதிப் பாதிக் காரணம் எனக்குப் புரிந்தது, பகல் முக்குளிப்புக்கான ஒரு விதியிலிருந்து. சான்டா ஃபே ஆற்றங்கரையில் ஹை ஸ்பிரிங்ஸ் ஊருக்கு அருகிலுள்ள ஜின்னி ஸ்பிரிங்ஸ் தனியாருடையது. அங்கே டெவில்ஸ் என்று அழைக்கப்படும், நீருக்கடியில் குகையாக நீளும் ஊற்றுத் தொகுதியில், குகைப் பயிற்சி சேராத அடிப்படைச் சான்றான திறந்தநீர்ச் சான்று மட்டும் உள்ளவர் டார்ச் எடுத்துச் செல்லக் கூடாது. முதன்முறை கேள்விப்படுபவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். பாதுகாப்புக் கருவியைப் பிடுங்கி வைத்துக்கொள்வது என்ன பாதுகாப்பு? ஆனால் விதி வகுத்தவர்கள் மனிதமனத்தை அறிந்தவர்கள். கையில் விளக்கு இல்லாதவன் இருட்டு தொடங்கும் இடத்தில் தானாகவே நின்றுவிடுவான். விளக்கு இருப்பவன், அந்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என நினைப்பான். குகைப் பயிற்சி இல்லாமல் உள்ளே போன பலர் அப்படித்தான் திரும்பாமல் போனார்கள். காலில் மாட்டிய துடுப்பின் ஓர் அசைவில் வண்டல் கிளம்பினால், எவ்வளவு வலிய விளக்கும் பால்போல வெளுத்த நீரைத்தான் காட்டும். வந்த வழி எந்தப் பக்கம் என்பதைக் காட்டாது.

அதே ஜின்னியில் இன்னோர் ஊற்றின் குகைவாயில் விளக்கோடு போகத் தடையில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் தர்க்கம் முழுமையாகும். அங்கே உட்குகைக்குச் செல்லும் வழியை இரும்புக் கம்பி வலையால் அடைத்துவிட்டார்கள். வேலி இருக்கும் இடத்தில் விளக்கு தீங்கற்றது. வேலி இல்லாத இடத்தில் விளக்கின்மையே வேலி.

இனி இரவுக்கு வருவோம். முக்குளிப்பவர்கள் குகைவாய் என்று சொல்வது, சூரிய வெளிச்சம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும் பகுதியை மட்டும்தான். அதற்கான பயிற்சியின் வரையறையே இயற்கை ஒளியும், நீர்மட்டத்திலிருந்து கணக்கிடும் மொத்தத் தொலைவு குறித்த வரம்பைத் தாண்டாமையும் ஆகும். சூரியன் மறைந்தவுடன் இந்த வரையறை கலைந்துவிடுகிறது. மதியம் குகைவாயாக இருந்த அதே பாறைக்கூடம், இரவு எட்டு மணிக்கு முழுக் குகை. பகலில் ஊற்றின் உள்ளிருந்து திரும்பிப் பார்த்தால், வாயில் ஒரு நீலச் சுடர்போல ஒளிரும். பதற்றத்திலும் கண் அதைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். இரவில் அந்தச் சுடர் இல்லை. போதாக்குறைக்கு, இரவில் முக்குளிப்பவர் ஒவ்வொருவர் கையிலும் விளக்கு இருந்தே தீர வேண்டும். பகலில் எது ஆபத்து என்று வாசலிலேயே தடுக்கிறார்களோ அதையே இரவில் கட்டாயமாக்க வேண்டிய இக்கட்டில், பெரும்பாலான பூங்காக்கள் வாயிலைப் பூட்டிவிடுகின்றன. அவர்களைக் குறைசொல்ல இப்போது எனக்கு மனம் வரவில்லை.

குகைச் சான்று பெற்றவர்களுக்கு இரவும் பகலும் ஒன்றுதானே என்று கேட்கலாம். உள்ளே ஒன்றுதான். ஒருவருக்கு மூன்று விளக்குகள், உள்ளே போக மூன்றில் ஒரு பங்கு காற்று, வெளியே வர ஒரு பங்கு, கையிருப்பாக ஒரு பங்கு என்ற கணக்கு எந்நேரத்துக்கும் மாறாது. வழிகாட்டிக் கயிறு திறந்த நீர்வரை இடைவிடாமல் வர வேண்டும் என்ற விதியும் மாறாது. ஆனால் நல்ல வெயிலில் கடைசிச் சில அடிகளுக்குக் கயிறு எதற்கு என்று அலட்சியம் செய்பவர்கள் உண்டு. இரவு அந்த அலட்சியத்தை மன்னிக்காது.

எனக்குக் கடைசியில் வாய்த்தது, உட்குகை வலையிட்டு அடைக்கப்பட்ட ஒரு தனியார் ஊற்று. படிக்கட்டின் மேல்படியில் ஒரு விளக்கும், கீழ்ப்படியில் நீருக்குள் மின்னும் சிறு விளக்கும் கட்டினோம். திரும்பும் திசைக்கு அவைதாம் அடையாளம். ஆளுக்கு ஒரு முதன்மை டார்ச், ஒரு மாற்று டார்ச், சிலிண்டரின் கழுத்தில் ஆளுக்கொரு நிறத்தில் ஒளிரும் குச்சி. விளக்கால் வட்டம் வரைந்தால் நலம். வேகமாகப் பக்கவாட்டில் ஆட்டினால் உடனே வா. முகத்தில் மட்டும் அடிக்கக் கூடாது. தரையில் இரண்டு நிமிடத்தில் பேசி முடித்தோம். இறங்கியபின்தான் ஊற்றின் இரவு பிடிபட்டது. பகலில் கூட்டமாகத் திரியும் கெண்டை போன்ற சிறுமீன்கள் மணலுக்கு ஒரு சாண் மேலே அசையாமல் மிதந்தன, ஒளி பட்டும் விலகவில்லை. பாறையிடுக்கிலிருந்து ஒரு விலாங்கு கையளவு வெளியே வந்து, மீண்டும் உள்வாங்கிக்கொண்டது. கம்பி வலையின் முன் மண்டியிட்டு விளக்கை உள்ளே செலுத்தினேன். ஊற்றின் வேகம் முகமூடியை அழுத்தியது. ஒளிக்கற்றை வலையைத் தாண்டி நீண்டு, எதிலும் முட்டாமல், மெல்ல நீலமாகிக் கரைந்தது. வலை இல்லையென்றால் இன்னும் இரண்டு முழம் போயிருப்பேன் என்பதை அங்கேயே ஒப்புக்கொண்டேன்.

முதலைகளைப் பற்றியும் ஒரு சொல். ஆற்றோடு கலக்கும் ஊற்றுகளில் அலிகேட்டர் என்னும் அமெரிக்க முதலைகள் வந்துபோகும். அவை சுறுசுறுப்பாக இருப்பது அந்திக்கும் விடியலுக்கும் இடையில்தான். அதனால் நீந்துவோர் பகலில், குறித்த இடத்தில் மட்டுமே இறங்க வேண்டும் என்பது புளோரிடா வனவிலங்குத் துறையின் பொது அறிவுரை. நாங்கள் இறங்கிய ஊற்று ஆற்றோடு நேரடித் தொடர்பில்லாத குளம்போன்றது. அப்படியிருந்தும் இறங்கும்முன் கரையோரம் முழுவதும் விளக்கடித்துப் பார்த்தோம். சிவப்பாகத் திரும்பி மின்னும் கண்கள் எதுவும் இல்லை.

நாற்பது நிமிடத்துக்குப் பின் மேலேறினோம். அலுவலக மேசையில் நாங்கள் கையெழுத்திட்ட பதிவேடு திறந்தே இருந்தது; வெளியேறிய நேரத்தை எழுதி, எத்தனை பேர் இறங்கினார்களோ அத்தனை பேரும் வந்து நின்ற பிறகே, எங்களுக்காகக் காத்திருந்த பெரியவர் படிக்கட்டு விளக்கை அணைத்தார்.