பல் டாக்டர் கடிதம் இல்லாமல் வால்வு கிடையாது

அம்மாவுக்கு இதயத்தில் மைட்ரல் வால்வு (இடது பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் கதவு) மாற்றி இன்றோடு ஏழு வாரம். வலது மார்புக்குக் கீழே மூன்று இஞ்ச் கீறல், தொடை இடுக்கில் சின்னதாக ஒரு தையல். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. என் புலம்பல் எல்லாம் அதற்கு முந்தின ஒரு மாதத்தைப் பற்றித்தான்.

சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் வால்வைச் சுருக்கிவிட்டது. 38 வயதில் பலூன் வைத்து விரித்தார்கள், 14 வருஷம் ஓடியது. இப்போது கசிவும் சேர்ந்ததால் மாற்றியே ஆகவேண்டும் என்றார்கள். நெஞ்செலும்பைப் பிளக்காமல் விலா நடுவே செய்யலாம் என்றதும் சொந்தக்காரர்களிடம் அது "லேசர்ல பண்றாங்களாம்" ஆகிவிட்டது. லேசருமில்லை, ஒன்றுமில்லை. இதயத்தை நிறுத்தித்தான் இதையும் செய்கிறார்கள். இதயம் நிற்கும் நேரம் ரத்தத்தை ஓட்டுகிற ஹார்ட் லங் மெஷினின் குழாய்கள் தொடை வழியாகப் போகின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் மார்பிலிருந்து தொடை வரை சி.டி. எடுத்து ரத்தக்குழாயைப் பார்க்கிறார்கள். அது சரியில்லை என்றால் பழையபடி நடு நெஞ்சுதான்.

அந்த சி.டி.க்கு திண்டிவனத்திலிருந்து விடிகாலை பஸ். அம்மா வெறும் வயிறு. கவுண்டரில், "கிரியேட்டினின் ரிப்போர்ட் எங்க?" ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்கான காண்ட்ராஸ்ட் ஊசி போடுமுன் கிட்னியைப் பார்க்கவேண்டுமாம். அப்பாயின்ட்மென்ட் போட்டபோது ஒருத்தரும் சொல்லவில்லை. அங்கேயே ரத்தம் கொடுத்து முடிவு வருவதற்குள் எங்கள் நேரம் போய்விட்டது. நீங்கள் போவதாக இருந்தால் உள்ளூர் லேபிலேயே எடுத்துக்கொண்டு போங்கள்.

பல் கதை இதைவிட மோசம். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறிப் புது வால்வில் உட்கார்ந்துவிடும் என்பதால், பல் டாக்டர் கடிதம் தந்தால்தான் ஆபரேஷன் தேதி. அம்மாவுக்கு இரண்டு கடைவாய்ப் பல் பிடுங்கவேண்டும். பல் டாக்டர் மாத்திரை அட்டையைப் பார்த்தார். அதில் இருந்தது அசிட்ரோம், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுவது. "அசிட்ரோம் சாப்பிடறாங்களே, ஹார்ட் டாக்டர் லெட்டர் இல்லாம நான் கை வைக்க மாட்டேன்."

சென்னையில் ஆஸ்பத்திரி கவுண்டர்க்காரர், "பல் லெட்டர் வந்தாத்தான் டேட் மேடம்."

"அந்த பல் டாக்டருக்குத்தான் உங்க லெட்டர் வேணுமாம்."

"அதுக்கு ஓ.பி. டோக்கன் போடணும். செவ்வாய், வெள்ளி."

அன்று புதன்.

வெள்ளிக்கிழமை கிடைத்தது இரண்டே வரி. மாத்திரையை நிறுத்தவேண்டாம், அன்று காலை ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) பார்த்துவிட்டுப் பிடுங்கலாம். பிடுங்கினோம், பஞ்சைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரத்தில் வீடு. பல் டாக்டர் தந்த கடிதத்தோடு சென்னைக்குப் போனால், "பல் எடுத்தாச்சுன்னுதான் இருக்கு, வாயில தொற்று இல்லைன்னு எழுதலையே"! வாட்ஸ்அப்பில் வாங்கித் தருகிறேன் என்றேன். சீல் வேண்டுமாம். கிளம்புமுன் என்ன வாசகம் வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அந்தப் புத்தி மூன்றாவது நடையில்தான் வந்தது.

இன்சூரன்ஸ் ஒரே கேள்வியோடு விட்டுவிட்டது.

சின்னக் கீறல் என்பதால் வலிக்காது என்று நம்பாதீர்கள். முதல் நான்கு நாள் விலாப்பக்கம் மூச்சு இழுக்கவே அம்மா அழுதார். ஆனால் ஆறாம் நாள் ஒருக்களித்துப் படுத்தார். பக்கத்துக் கட்டிலில் நெஞ்சைப் பிளந்து செய்துகொண்ட அக்கா, தலையணையை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் இருமினார்.

உலோக வால்வு என்பதால் அசிட்ரோம் ஆயுசுக்கும் உண்டு. ஐ.என்.ஆர். 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நிற்கவேண்டும். கீரை இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும், அதற்காகக் கீரையை விடவேண்டாம், ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு மறுவாரம் தொடாமல் இருக்காதீர்கள் என்றார்கள்.

போன வாரம் அம்மாவுக்கு இன்னொரு பல் ஆட்டம் கண்டது. அதே பல் டாக்டர். "செயற்கை வால்வா? ஒரு லெட்டர்..." என்று ஆரம்பித்தார். டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வாங்கி லேமினேட் போட்டு வைத்திருந்ததை நீட்டினேன். ஒரு மணி நேரம் முன்னால் போடவேண்டிய ஆன்டிபயாட்டிக் வரை அதில் இருந்தது. மாத்திரையும் கொடுத்துத்தான் கூட்டிப்போயிருந்தேன். அதை இரண்டு தடவை படித்தார்.

"வாயத் தொறங்கம்மா" என்றார்.