சிங்கோ தே மயோவும் புவெப்லாக்காரங்க வீட்டு மோலேயும்

மே மாசம் பொறந்தா போதும், சிங்கோ தே மயோன்னு மே 5ஆம் தேதி கொண்டாட்டத்துக்காக இங்க டெக்சாஸ்ல சூப்பர் மார்க்கெட் வாசல்லயே பச்சை வெள்ளை சிவப்புல தோரணம் கட்டி சிப்ஸ், சல்சா, பீர்னு அடுக்கி வச்சிருவாங்க. நான் இங்க வந்த புதுசுல அது மெக்சிகோ சுதந்திர தினம்னே நெனச்சுக்கிட்டு மாடி வீட்டு அம்மாகிட்ட போய் சுதந்திர தின வாழ்த்து சொல்லிட்டேன். அவங்க மெக்சிகோல இருக்கற புவெப்லா ஊர்க்காரங்க. கோவப்படல, என்னை உக்கார வச்சு, "அது செப்டம்பர் 16ம்மா, இது எங்க ஊரு சண்டை"ன்னு கதைய ஆரம்பிச்சாங்க. அன்னிலேர்ந்து இந்த நாள் மேல எனக்கு தனிப் பிரியம்.

எல்லாம் கடன்ல ஆரம்பிச்சது. 1861ல மெக்சிகோ ஜனாதிபதி பெனிட்டோ ஹுவாரெஸ், சபோடெக் பழங்குடில பொறந்து அந்த இடத்துக்கு வந்தவர், உள்நாட்டுப் போர் முடிஞ்சு கஜானால ஒண்ணும் இல்லாம போனதால வெளிநாட்டுக் கடன ரெண்டு வருஷத்துக்கு கட்ட முடியாதுன்னு அறிவிச்சுட்டார். கடன் குடுத்த இங்கிலாந்து, ஸ்பெயின், பிரான்ஸ் மூணு பேரும் வேராகுரூஸ் துறைமுகத்துக்கு படைய அனுப்பினாங்க. இங்கிலாந்தும் ஸ்பெயினும் பேசி முடிச்சு கெளம்பிட்டாங்க, ஆனா பிரான்ஸ் போகல, ஏன்னா பிரான்ஸ் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனுக்கு கடன் ஒரு சாக்குதான், மெக்சிகோல தனக்கு வேண்டிய ஒருத்தர ராஜாவா உக்கார வைக்கணும்கறதுதான் அவரோட கணக்கு.

வேராகுரூஸ்லேர்ந்து தலைநகரத்துக்குப் போற வழில இருக்கு புவெப்லா. 1862 மே 5, லோரேன்செஸ்ங்கற பிரெஞ்சு ஜெனரல் சுமார் 6,000 பேரோட வந்து நின்னார். எதிர்ல மெக்சிகோ ஜெனரல் இக்னாசியோ சரகோசா, வயசு 33தான். அவர்கிட்ட இருந்தது அதவிட கொறைச்சலான ஆளுங்க, அதுல பல பேர் பழைய துப்பாக்கியும் மச்செத்தே கத்தியும் வச்சிருந்தவங்க, வடக்கு மலைப் பக்கத்து கிராமங்கள்லேர்ந்து எறங்கி வந்த பழங்குடி மக்களும் அதுல உண்டு. லொரேட்டோ, குவாதலூப்பேன்னு குன்று மேல ரெண்டு கோட்டை. லோரேன்செஸ் நேரா மேட்டுல ஏறித் தாக்கச் சொன்னார், திரும்பத் திரும்ப ஏறினாங்க, திரும்பத் திரும்ப விரட்டி அடிச்சாங்க, மதியத்துக்கு மேல மழை வேற கொட்டி மேடெல்லாம் சேறாயிடுச்சு. சாயங்காலம் பிரெஞ்சுப் படை பின்வாங்கிருச்சு. நாட்டோட ஆயுதங்கள் புகழ் போர்த்தி நிக்குதுன்னு சரகோசா தந்தி அடிச்சார், அந்த வரிய மாடி வீட்டு அம்மா ஸ்பானிஷ்ல மனப்பாடமா சொல்வாங்க.

ஆனா அவர் அந்த சந்தோஷத்த ரொம்ப நாள் பாக்கல. அதே வருஷம் செப்டம்பர்ல டைபாய்டுல போயிட்டார். அடுத்த வருஷம் பிரான்ஸ் பெரும்படையோட வந்து ரெண்டு மாசம் முற்றுகை போட்டு புவெப்லாவ பிடிச்சுது, 1864ல மாக்ஸிமிலியன்னு ஒரு ஆஸ்திரிய இளவரசர சக்கரவர்த்தி ஆக்குனாங்க, 1867ல அவர மெக்சிகோக்காரங்க கேரெத்தாரோல சுட்டுக் கொன்னாங்க, ஹுவாரெஸ் தலைநகரத்துக்கு திரும்பி வந்தார். அப்புறம் தோத்தாலும் அந்த ஒரு நாள் ஜெயிச்சது சனங்க மனசுல நின்னுடுச்சு. ஊர் பேரே புவெப்லா தே சரகோசான்னு மாறிடுச்சு. சரகோசா பொறந்த கோலியாட் இன்னிக்கு டெக்சாஸ்ல இருக்கு, அங்க அவருக்கு சிலையும் இருக்கு.

மெக்சிகோல பெரிய கொண்டாட்டம்னா அது புவெப்லால நடக்கற அணிவகுப்புதான், மத்த ஊர்ல பெருசா எதுவும் கெடையாது. கலிஃபோர்னியால இருந்த மெக்சிகோ வம்சாவளிக்காரங்க 1860கள்லயே கொண்டாட ஆரம்பிச்சாங்க, 1960, 70கள்ல அமெரிக்கால இருந்த மெக்சிகோ வம்சாவளிக்காரங்களோட சிகானோ இயக்கம் இதை உரிமைக்கான நாளா தூக்கிப் பிடிச்சுது, பீர் கம்பெனி விளம்பரமெல்லாம் 80கள்ல வந்தது.

இப்போ சாப்பாட்டுக்கு வர்றேன். டாக்கோ, நாச்சோஸ் வேண்டாம்னு சொல்லல, ஆனா சண்டை நடந்த ஊருக்குன்னு ஒரு சமையல் இருக்கறப்போ அன்னிக்கு அதைச் செய்யறதுதான் மரியாதைன்னு எனக்குத் தோணுது. முதல்ல மோலே போப்லானோ, அதாவது புவெப்லா மோலே. மோலேங்கறது ஆஸ்டெக் மக்கள் பேசின நவாட்டில் மொழில சாந்துக்கும் குழம்புக்கும் சொல்ற வார்த்தைலேர்ந்து வந்தது. முலாட்டோ 6, ஆஞ்சோ 4, பசீயா 4, இதெல்லாம் காஞ்ச மிளகாய், பெருசா கருப்பா இருக்கும், காரம் கம்மி. காம்பும் விதையும் எடுத்துட்டு எண்ணெய்ல சில விநாடி மட்டும் பெரட்டணும், கருகிடுச்சுன்னா மொத்த சட்டியும் கசக்கும், அதனால அடுப்ப விட்டு நகராதீங்க. அதை வெந்நீர்ல ஊற வச்சுட்டு, அதே எண்ணெய்ல பாதாம், வேர்க்கடலை, உலர்திராட்சை, எள்ளு, ரெண்டு பழைய டார்ட்டியா (சோள ரொட்டி) தனித்தனியா வறுத்து, சுட்ட தக்காளி வெங்காயம் பூண்டு, கொஞ்சம் பட்டை கிராம்பு சேர்த்து வெண்ணெய் மாதிரி அரைக்கணும். விழுத கனமான சட்டில வதக்கி, வான்கோழியோ கோழியோ வேக வச்ச தண்ணிய ஊத்தி, கடைசில 50 கிராம் மெக்சிகன் சாக்லேட், கொஞ்சம் உப்பு. சின்ன தீயில எண்ணெய் பிரிஞ்சு மேல மினுங்கற வரைக்கும் கொதிக்கணும். சாக்லேட் குழம்புன்னு கேள்விப்பட்டு பயப்படாதீங்க, இனிப்பு முன்னாடி வராது, அடில ஒரு கனம் மட்டும் தெரியும். கறி சாப்பிடாதவங்க காய்கறி வேக வச்ச தண்ணி ஊத்தி, வறுத்த காலிஃபிளவர் மேல ஊத்திக்கலாம், நான் அப்படித்தான் செய்யறேன்.

பட்டையும் கிராம்பும் ஆசியச் சரக்கு, மெக்சிகோவுக்கு கடல் தாண்டி வந்தது. பிலிப்பைன்ஸ்லேர்ந்து வந்த மணிலா கப்பல்ல சரக்கு மட்டும் வரல, காதரீனா தே சான் ஹுவான்னு ஒரு இந்தியப் பொண்ணும் அடிமையா கொண்டுவரப்பட்டு புவெப்லாலயே வாழ்ந்து 1688ல எறந்தாங்க. அந்த ஊர்ல அவங்கள புனிதவதியா பல பேர் கும்பிட்டாங்களாம். மோலே கிண்டுறப்போ எனக்கு அவங்க நெனப்பு வரும்.

மோலேக்கு நேரம் இல்லன்னா சலுப்பா செய்யுங்க, சின்ன டார்ட்டியாவ கல்லுல கொழுப்பு விட்டு பொரிச்சு பச்சை சல்சா பாதி சிவப்பு பாதி ஊத்தி, பிச்ச கறியும் வெங்காயமும் தூவணும், அஞ்சு நிமிஷ வேலை. எள்ளு தூவின பன்ல வறுத்த கறி, சீஸ், அவகாடோ, சிப்போட்லே (புகைல காய வச்ச மிளகாய்), பாப்பாலோ கீரை வச்சா அது செமித்தா, அந்தக் கீரை வாசனை மல்லித்தழைய விட தூக்கலா இருக்கும். அடைச்ச மிளகாய் மேல வால்நட் சாஸ் ஊத்தி மாதுளை தூவின சீலேஸ் என் நொகாதாவும் புவெப்லாதான், ஆனா அது ஆகஸ்ட் செப்டம்பர் பண்டம், மே மாசத்துல புது வால்நட்டும் மாதுளையும் கெடைக்காது.

மோலே முந்தின நாளே வச்சிடுங்க, மறுநாள்தான் ருசி. மிஞ்சினா டார்ட்டியாவ அதுல முக்கி மடிச்சு மேல கொஞ்சம் சீஸும் வெங்காயமும் போட்டா என்மோலாதாஸ். மாடி வீட்டு அம்மா மே 6 காலைல ஒரு தட்டு நெறைய அதைத்தான் குடுத்து விடுவாங்க.