ஊர் பெயர் இல்லாத மீட்டர் கேஜ் யார்டு: படங்களை வைத்து இதுவரை தேறியது

நான்கு கறுப்பு வெள்ளைப் படங்கள். பின்பக்கம் ஊரும் இல்லை, ஆண்டும் இல்லை. யார்டு, நீராவி இன்ஜின், மேலே மின்கம்பி, தூரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான்.

முதலில் ஸ்கேன். பிரின்டுக்கு 1200 டிபிஐ, 35 மி.மீ. நெகட்டிவ் என்றால் 3200, டிஃப் கோப்பாக. மங்கலாக இருக்கிறதே என்று செயற்கை நுண்ணறிவுக் கருவியில் போட்டுத் தெளிவாக்கக் கூடாது. வேகன் மேல் இல்லாத எழுத்தை அதுவே வரைந்து கொடுத்துவிடும். பிறகு அந்த எழுத்தைத் துரத்திக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

அடுத்தது, படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. இதற்குக் கைகாட்டி சிக்னல் போதும். ஓட்டுநர் பார்வையில் கை எப்போதும் கம்பத்துக்கு இடப்பக்கம் நீளும். முன்முகம் சிவப்பு, அதில் வெள்ளைப் பட்டை. பின்முகம் வெள்ளை, அதில் கறுப்புப் பட்டை. கருத்த கையில் வெளிர் பட்டை தெரிந்து, கை வலப்பக்கம் நீண்டிருந்தால் நெகட்டிவைப் புரட்டி வைத்து பிரின்ட் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது படம் அப்படித்தான். திருப்பிப் போட்ட பிறகுதான் மற்ற மூன்றோடும் பொருந்தியது.

கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம், எது என்று கண்ணால் சொல்வதைவிட அளப்பது நல்லது. பிராட் கேஜ் 1676 மி.மீ., அதன் மரச் சிலீப்பர் (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டை) சுமார் 2740. மீட்டர் கேஜுக்கு 1000, சிலீப்பர் சுமார் 1830. சிலீப்பர் நீளத்தைக் கேஜால் வகுத்தால் பிராடுக்கு 1.63, மீட்டருக்கு 1.83 வரும். ஒரே சிலீப்பர் மேல் இரண்டையும் பிக்சலில் அளந்தால் கேமரா எவ்வளவு தூரத்தில் இருந்தது என்ற கவலை இல்லை. கணக்கு தப்புவது மூன்று இடத்தில்: சிலீப்பர் முனை ஜல்லிக்குள் புதைந்திருப்பது, பாயின்ட் (தடம் பிரியும் இடம்) பக்கத்து நீளச் சிலீப்பரை அளந்துவிடுவது, வார்ப்பிரும்புச் சிலீப்பரை மரம் என்று நினைப்பது. முதல் படத்தில் 388க்கு 212, அதாவது 1.83.

வண்டிகள் ஒன்றோடொன்று முட்டும்போது அதிர்வைத் தாங்கும் பஃபரும் அதையே சொல்கிறது. வண்டி முனையில் நடுவில் ஒற்றை பஃபர் என்றால் மீட்டர் கேஜ். இரு ஓரத்திலும் ஒவ்வொன்று என்றால் பிராட். பிற்கால பிராட் கேஜ் வேகன்களிலும் நடுவில் கப்ளர் (வண்டிகளை இணைக்கும் கொக்கி) உண்டு, ஆனால் அது விரல் மடக்கிய கைபோல இருக்கும், தட்டையான வட்டத் தலை இருக்காது.

இனிமேல்தான் விஷயம் சூடுபிடிக்கிறது. மீட்டர் கேஜ் வண்டிக்கு மேலே மின்கம்பி என்றால் இந்தியாவில் இருந்தது ஒரே தடம்தான்: சென்னை கடற்கரை – தாம்பரம் – விழுப்புரம். கடற்கரை – தாம்பரம் 1931இல் 1500 வோல்ட் டிசியில் தொடங்கி, 1967இல் 25,000 வோல்ட் ஏசிக்கு மாறியது. தாம்பரத்துக்குத் தெற்கே 1965இல் வந்ததே ஏசிதான். டிசிக்குச் சின்ன இன்சுலேட்டர் போதும். படத்தில் இருப்பது பல மடிப்புகளோடு நீளமாக இருக்கிறது. ஆகவே படம் 1965க்கு முந்தியதல்ல.

இரண்டாவது படத்தில் ஒய்பி வகை நீராவி இன்ஜின் நிற்கும் பாதைக்கு மேல் கம்பி இல்லை; பக்கத்துப் பாதைக்கு மேல் இருக்கிறது. மின்பாதையும் நீராவிப் பாதையும் பிரியும் இடம் என்றால் செங்கல்பட்டு அல்லது விழுப்புரம். செங்கல்பட்டிலிருந்து அரக்கோணத்துக்குப் போன கிளையிலும் அப்போது கம்பி கிடையாது, அதனால் அவசரப்பட முடியாது. ஆனால் செங்கல்பட்டில் குன்று இல்லாத திசையைத் தேட வேண்டும், பக்கத்திலேயே கொளவாய் ஏரி. நான்கு படத்திலும் தொடுவானம் பலகை போட்டதுபோல் மட்டமாக இருக்கிறது. ஊர் விழுப்புரம்தான் என்பதே எங்கள் முடிவு.

யார்டின் எந்த முனை என்பது மிச்சம். திசையை நிழல் சொல்லும், ஆனால் வெளிநாட்டு வழிகாட்டிகளில் இருக்கும் 'நண்பகல் நிழல் வடக்கே' என்ற விதியை இங்கே அப்படியே போடக் கூடாது. விழுப்புரம் ஏறத்தாழ 12 டிகிரி வடக்கு. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும், நிழல் தெற்கே விழும். மாதம் தெரியாதவரை காலை, மாலை நீள நிழலை மட்டும் நம்பலாம்.

ஒப்பிட, 1960 முதல் 1972 வரை எடுக்கப்பட்ட அமெரிக்க கரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்கள் உண்டு. 1995இல் ரகசியம் நீக்கப்பட்டவை. தண்டவாளம் தனித்தனியாகத் தெரியாது. லோகோ ஷெட் கூரை, யார்டு விரியும் வடிவம், தொட்டியின் நிழல் பிடிபடும்.

ஆண்டுக்கு வேகன்தான் கதி. பணிமனைக்குத் திரும்ப வேண்டிய மாதமும் ஆண்டும் ஓரத்தில் எழுதியிருக்கும். அது வரப்போகும் தேதி, எனவே படம் பெரும்பாலும் அதற்கு முந்தியது. தவணை தாண்டி ஓடிய வேகன்களும் உண்டு என்பதால் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. இரண்டாவது படத்தில் 6 தெரிகிறது, அடுத்த இலக்கம் தெரியவில்லை. பின்னால் நிற்கும் இரண்டு வேகன்களை நெகட்டிவிலிருந்தே மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும்.